ஒட்டிய படமும் தைத்த ஏடும்: மதுரையும் கையால் செய்யும் புகைப்பட நூலும்

இன்று மதுரையின் படம் பெரும்பாலும் கண்ணாடித் திரையில்தான் வாழ்கிறது. விரல் பட்டால் நகரும்; எடை கிடையாது, முதுகு கிடையாது, பின்பக்கம் கிடையாது. ஆனால் இந்த ஊர் கேமராவின் முன் வந்து நின்ற தொடக்க காலத்திலேயே, 1858இல், புத்தகமாக ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரைக் காட்சிகள் நான்கு பாகங்களாக வெளிவந்தன. அவற்றில் ஒரு படம்கூட அச்சு இயந்திரத்தில் ஓட்டியதல்ல. ஒவ்வொரு படமும் வெயிலில் தனியாகப் பதிந்து, கழுவி, உலர்த்தி, ஓரம் வெட்டி, தடித்த தாளில் ஒட்டப்பட்டது.

கையால் செய்யும் புகைப்பட நூலைப் பற்றிப் பேசும்போது வெளிநாட்டுக் கலைஞர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. இந்த ஊரே அப்படி ஒரு நூலாகியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அந்த நூல் இன்று நமக்கு எதைக் கற்றுத்தர முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் பதில் இது: புகைப்பட நூலில் தாளும் அளவும் மடிப்பும் தையலும் படத்தோடு சேர்ந்தே பேசுகின்றன. அவற்றில் ஒன்றை மாற்றினாலும் நூல் சொல்வது மாறிவிடும். ஆகவே படமெடுப்பவர் நூல் கட்டும் வேலையையும் தன் கலையின் பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மெழுகுத் தாளும் வெயிலும்

டிரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். விடுப்பில் ஊர் திரும்பியிருந்தபோது புகைப்படக் கலையைக் கற்று, 1853இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தார். இந்தியா திரும்பியதும் 1854 இறுதியில் ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டார். அந்தப் பயணத்திலிருந்து 120 காட்சிகளைத் தேர்ந்து, 50 தொகுதிகள் செய்தார். அதாவது 6000 படங்களை ஒவ்வொன்றாக வெயிலில் பதித்தெடுக்க வேண்டியிருந்தது. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். சேலம், ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் அந்த ஒரே சுற்றில் வந்தவை. மதுரைப் படங்கள் 1858ஆம் ஆண்டின் முதல் மாதங்களைச் சேர்ந்தவை.

அவர் கையாண்ட முறை நம் தட்பவெப்பத்துக்குப் பொருத்தமானது. அந்நாளில் பரவிவந்த ஈரக் கொலோடியன் முறையில், மருந்து பூசிய கண்ணாடி காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். மாசி வெயிலில் அது பெரும்பாடு. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட மெழுகுத் தாள் முறையில் அந்த அவசரமில்லை. நல்ல தாளில் தேன்மெழுகை உருக்கி ஏற்றுவார்கள். மெழுகு இழைகளுக்குள் இறங்கியதும் தாள் ஒளி ஊடுருவக்கூடியதாகிவிடும். பிறகு அயோடைடு கரைசலிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் முக்கி உலர்த்தினால், பல நாட்கள் கழித்தும் கேமராவில் வைக்கலாம். காட்சியைப் பதிய வைக்கச் சில நிமிடங்கள் வேண்டும். அதன்பின் காலிக் அமிலத்தில் இட்டால் உருவம் மெல்ல எழும்.

இப்படிக் கிடைக்கும் நெகட்டிவ் ஒரு முழுத் தாள். டிரைப்பின் பெரிய நெகட்டிவ்கள் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அன்று படத்தைப் பெரிதாக்கிப் பதிக்கும் வழக்கம் இல்லை. நெகட்டிவை மருந்துத் தாளின் மேல் வைத்து, சட்டத்தில் இறுக்கி, வெயிலில் காட்டினால் அதே அளவில் படம் பதியும். ஆகவே நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. படத்தின் அளவே ஏட்டின் அளவைத் தீர்மானித்தது. கோயில் மண்டபத்துக்குள் தூக்கிச் சென்ற அந்தக் கனத்த பெட்டியின் அளவு, இன்றும் அந்த நூலைப் பிரிப்பவரின் இரு கைகளிலும் உணரப்படுகிறது. மேசையில் கிடத்தி, இரு கையாலும் தாளைப் புரட்டித்தான் அதைப் பார்க்க முடியும்.

அவருடைய கைவேலை கேமராவோடு முடியவில்லை. அன்றைய மருந்துகள் நீலத்தை அளவுக்கு மீறி ஈர்த்துக்கொண்டதால் வானம் வெறும் வெளுப்பாகிவிடும். டிரைப் நெகட்டிவின் பின்புறத்தில் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை எழுப்பினார். மரங்களின் இலைத்திரளைச் சீர்செய்தார். பதித்த படங்களைத் தங்கக் கரைசலில் தோய்த்து நிறமேற்றினார். அவற்றின் ஊதா கலந்த பழுப்பு இத்தனை ஆண்டுகள் கழித்தும் நிற்பதற்கு அந்தத் தங்கமே முக்கியக் காரணம். தாளின் இழைக்குள் வெள்ளி இறங்கியிருப்பதால் உருவம் மேலே பளபளக்காது. கல்லின் சொரசொரப்பும் தாளின் சொரசொரப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மதுரைக் கற்றூண்களைக் காட்ட இதைவிடப் பொருத்தமான தாள் கிடைத்திருக்காது.

பாலம் இல்லாத வைகை

மதுரைத் தொகுதியில் வைகையையும் ஊருக்குள் வரும் தரைப்பாதையையும் காட்டும் படம் ஒன்று உண்டு. ஆல்பர்ட் விக்டர் பாலம் கட்டி முடிந்தது 1889இல். பெரியாற்றுத் தண்ணீர் வைகைப் பாசனத்துக்கு வந்தது 1895இல். ஆக, இந்தப் படத்தில் இருப்பது இரண்டுக்கும் முந்தைய ஆறு. ஆரப்பாளையத்துக் கரையிலிருந்து கிழக்கே பார்ப்பவருக்கு இன்று அடுத்தடுத்துப் பாலங்கள் தெரியும் இடத்தில், அந்தப் படம் விரிந்த மணலையும் தாழ்ந்த ஒரு பாதையையும் வைக்கிறது.

திருமலை நாயக்கர் மகாலின் படங்களும் அப்படியே. சென்னை ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் காலத்தில்தான் மகாலைப் புதுப்பிக்கும் பணி நடந்தது. டிரைப் அதற்கு முன்பே வந்துவிட்டதால், இடிந்தும் காரை பெயர்ந்தும் கிடந்த மகாலை நாம் பார்க்க முடிகிறது. புது மண்டபம், கோயிலின் உட்பிராகாரங்கள், தெப்பக்குளம், யானைமலை, கோயில் நகைகள் என்று அவர் தேர்ந்தவை நீள்கின்றன. நம்மூர்க்காரர்கள் விளக்குத்தூண் என்று சொல்லும் பிளாக்பர்ன் நினைவுத்தூணும் உண்டு. கோட்டை மதிலை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்காக நிறுத்தப்பட்டது அது. மதில் இருந்த இடம் தெருக்களாகி இருபது ஆண்டுகள் ஆனபோது கேமரா அங்கே வந்திருக்கிறது.

இந்தத் தொகுதிகள் யாருக்காகச் செய்யப்பட்டன என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். அரசுக்காகச் செய்யப்பட்டவை அவை. வட இந்தியாவில் 1857 கிளர்ச்சி அடங்காத மாதங்களில், தெற்கின் கோட்டைகளையும் கோயில்களையும் கம்பெனி அதிகாரி ஒருவர் அரசுச் செலவில் பதிவுசெய்தார். சில நிமிடங்கள் அசையாமல் நிற்பதே பதியும் என்பதால் நடமாடும் சனங்கள் பெரும்பாலும் படத்தில் இல்லை. சித்திரைத் திருவிழாவில் திணறும் தெருக்கள் ஆளற்றுக் கிடக்கின்றன. அது வேதியியலின் விளைவு. ஆனாலும் புரட்டிப் பார்த்த அதிகாரிக்கு, ஆள வேண்டிய ஊர் அமைதியாகவும் காலியாகவும் தெரிந்திருக்கும். அடுத்த பத்தாண்டில் வந்த ‘இந்திய மக்கள்’ என்ற எட்டுத் தொகுதி நூலில் (1868–75) இதே ஒட்டும் வேலை மனிதர்களைச் சாதிவாரியாகவும் இனவாரியாகவும் அடுக்கப் பயன்பட்டது. கையால் செய்ததாலேயே ஒரு நூல் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாகிவிடாது.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இது அரசின் நிதிநிலை தாங்காத ஆடம்பரம் என்று கருதி வேலையை நிறுத்தினார். கைவேலைக்கு ஆகும் நேரமும் செலவும் அன்றே பெரிய கேள்வியாக எழுந்திருக்கின்றன.

பொருளே வடிவத்தைக் கேட்கும்

டிரைப்பின் வேலைகளில் நூல் செய்பவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியது தஞ்சாவூரில் இருக்கிறது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் படமெடுக்க அவர் விரும்பினார். ஒரு தாளில் அடங்கக்கூடியதல்ல அது. துண்டு துண்டாக ஏட்டில் ஒட்டியிருந்தால் ஓடும் எழுத்து அறுந்துபோயிருக்கும். அவர் 21 படங்களைப் பக்கவாட்டில் இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டை வாசிப்பவர் கோயிலைச் சுற்றி நடக்க வேண்டும். இந்தப் படத்தைப் பார்ப்பவரும் மேசையோரமாக நடக்க வேண்டும். கல்லில் இருந்த நீளத்தை உடம்பால் உணரும்படி தாள் செய்துவிட்டது.

உலகின் முதல் புகைப்பட நூல்களிலும் இதே பொருத்தம் தெரிகிறது. இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ் 1843இல் தொடங்கிப் பத்தாண்டுகள் கடற்பாசிகளைப் பற்றிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். இரும்பு உப்புகள் பூசிய தாளில் பாசியையே வைத்து வெயிலில் காட்டி, வெறும் தண்ணீரில் அலசினால், ஆழ்ந்த நீலத்தில் பாசியின் வெள்ளை நிழல் நிற்கும். பெயர்களைக்கூட அவர் எழுதி அதே முறையில் பதித்தார். ஆகவே படத்துக்கும் எழுத்துக்கும் ஒரே நீலம். கடலின் தாவரம், கடலின் நிறம், தண்ணீரில் அலசும் முறை மூன்றும் ஒன்றாக அமைந்தன. ஃபாக்ஸ் டால்பட்டின் ‘இயற்கையின் எழுதுகோல்’ 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக 24 படங்களோடு வந்தது. அதிலும் படங்கள் கையால் ஒட்டியவையே.

வீட்டு ஆல்பத்தின் கைவேலை

தமிழ் வீடுகளுக்கு இந்தக் கலை அந்நியமானதல்ல. பீரோவில் பட்டுப்புடவையோடு பூட்டி வைக்கும் பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். கறுப்பு அட்டைத் தாள்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையே சிலந்திவலைக் கோலம் அச்சிட்ட பட்டர் பேப்பர். படத்தின் நான்கு மூலைகளிலும் சிறு முக்கோண ஒட்டுகள். பட்டர் பேப்பரைத் தூக்கும்போது வரும் சலசலப்பு, அடுத்த படத்துக்குக் காத்திருக்க வைக்கும் ஒரு சின்ன இடைவெளி. மூலை ஒட்டிலிருந்து படத்தை உருவினால் பின்பக்கம் ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை இருக்கும். யாரோ பேனாவால் எழுதிய தேதியும் உறவுமுறையும் இருக்கும். இறந்தவரின் பெயருக்கு முன்னால் பின்னாளில் ஒரு கை ‘அமரர்’ என்று சேர்த்திருக்கும். படத்தின் முன்பக்கம் ஒரு நாளைச் சொன்னால், பின்பக்கம் அந்தக் குடும்பத்தின் அரை நூற்றாண்டைச் சொல்கிறது.

தொழில்நுட்பமாகவும் அந்தக் கறுப்பு ஆல்பம் அறிவுள்ள ஏற்பாடு. மூலை ஒட்டு படத்தின் மேல் பசை படாமல் காக்கிறது. பட்டர் பேப்பர், படங்கள் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. பிறகு வந்த பசைத் தாள் ஆல்பங்களில், பிளாஸ்டிக் உறைக்கடியில் படம் பசையோடு நேராகக் கிடந்தது. காலம் போகப் போகப் பசை மஞ்சளித்துப் படத்தை விட மறுத்தது. இன்றைய கரிஷ்மா ஆல்பத்தில் ஒரு பெரிய தாளிலேயே பல படங்கள் கணினியில் சேர்த்து அச்சாகி, தடித்த அட்டையாகிவிடுகின்றன. பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஒரு படத்தை உருவி வேறிடத்தில் வைக்கவோ பின்னால் எழுதவோ அதில் வழியில்லை. குடும்பம் தன் கையால் தொடர்ந்து செய்துவந்த ஒரு நூல், முடிந்துபோன பண்டமாகிவிட்டது.

இந்தியக் கலைஞர்களில் இந்த வீட்டு மரபின் ஆற்றலை முழுதாக உணர்ந்தவர் தயாநிதா சிங். 2008இல் வந்த ‘சென்ட் எ லெட்டர்’ கைக்கடக்கமான ஏழு மடிப்பு நூல்களைத் துணிப்பெட்டியில் வைத்தது. 2017இல் வந்த ‘மியூசியம் பவன்’ அதை விரித்தெடுத்தது. நூலை மேசையில் நிறுத்திப் பிரித்தால் கண்காட்சி, மடித்தால் புத்தகம். பெட்டிகளின் மேலுறைத் துணி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பாரிஸ் போட்டோ–அபர்ச்சர் அமைப்பு அதை அந்த ஆண்டின் சிறந்த புகைப்பட நூலாகத் தேர்ந்தது. சென்னையில் 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகம், கையால் செய்த தாளில் பட்டுத்திரை அச்சில் ஒவ்வொரு நிறமாக ஏற்றி, கையால் தைத்து, எண்ணிட்டு நூல்களை வெளியிட்டுவருகிறது. அவை பெரும்பாலும் ஓவிய நூல்கள். ஆனாலும் தமிழ்நாட்டுக் கைகளால் உலகத் தரத்தில், பெரிய எண்ணிக்கையிலும், கைநூல் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆரப்பாளையத்தில் ஒரு நூல்

இனி, ஆரப்பாளையத்து வைகைக் கரையைப் பற்றி ஒரு நூல் செய்ய முனைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தேனிக்கும் கம்பத்துக்கும் புறப்படும் பேருந்துகள், ஆவணியில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா நடக்கும் புட்டுத்தோப்பு, ஆற்றுக்குள் அடர்ந்த ஆகாயத்தாமரை என்று படங்கள் கையில் இருக்கின்றன. செய்ய வேண்டிய முடிவுகள் ஒவ்வொன்றும் அர்த்தத்தோடு பிணைந்தவை.

முதலில் தாள். மரக்கூழில் செய்த மலிவான தாளில் லிக்னின் இருக்கும். அது காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகி நொறுங்கும். பருத்திக் கழிவிலிருந்து செய்யும் தாளின் இழைகள் நீளமானவை, லிக்னின் அற்றவை. திருப்பூர்ப் பனியன் துணிக் கழிவே கைத்தாள் பட்டறைகளுக்கு மூலப்பொருளாகப் போகிறது. நெசவும் நூற்பாலையும் வளர்த்த மதுரைக்குப் பருத்தித் தாள் எல்லா வகையிலும் பொருந்தும். ஆனால் கைத்தாளின் மேடுபள்ளம் நுண்ணிய விவரங்களை விழுங்கும். பேருந்தின் பெயர்ப்பலகை எழுத்து தெரிய வேண்டுமானால் வழவழப்பான தாள் வேண்டும். மணலும் புழுதியும் தெரிய வேண்டுமானால் சொரசொரப்பே நல்லது. ஒரே நூலில் இரண்டு தாளும் இருக்கலாம். ஊரிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் இடத்தில் தாள் மாறினால், கண்ணுக்கு முன்னால் விரல் அதை அறிந்துகொள்ளும்.

அடுத்தது இழையோட்டம். இயந்திரத் தாளில் இழைகள் ஒரு திசையில் படுத்திருக்கும். தாளை இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதாக வளையும் பக்கமே அதன் ஓட்டம். அந்த ஓட்டம் நூலின் முதுகுக்கு இணையாக இருந்தால் ஏடு தானாகப் படியும்; குறுக்கே இருந்தால் மடிப்பு வெடிக்கும், பசை பட்டதும் தாள் அலையலையாக எழும். பைண்டிங் பட்டறைகளில் அனுபவமுள்ளவர்கள் தாளைக் கையில் எடுத்த மாத்திரத்தில் இதைச் சொல்லிவிடுவார்கள்.

பிறகு தையல். தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரு ஃபாரம். மடிப்பில் குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகில் இழுத்த நூலால் ஒரு ஃபாரத்தை அடுத்ததோடு கோத்துக்கொண்டே போக வேண்டும். படம் ஒட்டும் நூலில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒவ்வொரு ஏட்டிலும் படத்தின் தடிமன் சேர்வதால் நூலின் வாய் புடைக்கும். முதுகு மட்டும் ஒல்லியாக நிற்கும். மூடினாலும் பிளந்தே கிடக்கும். அதற்காக முதுகுப்புறத்தில், படத்தின் தடிமனுக்கு ஈடாக, ஒரு விரல் அகலத்தில் தாள் பட்டைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். மூடிய நூலில் யார் கண்ணுக்கும் தெரியாத அந்தப் பட்டையால்தான் நூல் சமமாகப் படுக்கிறது.

பசைக்கு வருவோம். நம் பட்டறைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவது வழக்கம். பூச்சி அரிக்காது என்பதற்காக அது. கணக்கு நோட்டுக்கு அது போதும். ஆனால் துத்தத்திலுள்ள தாமிரம் காலப்போக்கில் தாளின் இழையை இற்றுப்போகச் செய்யும். புகைப்பட நூலுக்குத் துத்தம் சேர்க்காத ஸ்டார்ச் பசையே ஏற்றது. படத்தின் மேற்பரப்பில் அது படவும் கூடாது. இராமபாணப் பூச்சிக்கு உண்மையான மருந்து காற்றோட்டமும் ஈரமற்ற அலமாரியும், அவ்வப்போது எடுத்துப் புரட்டும் கையும்தான். அட்டையின் வெளிப்புறம் துணி ஒட்டியதும் அது உலரும்போது இழுத்து அட்டையை வளைக்கும். உட்புறமும் தாள் ஒட்டினால் இரு இழுப்பும் சமன்படும். பிறகு பலகைகளுக்கிடையே வைத்து, மேலே பாரம் ஏற்றி, நன்றாக உலரும்வரை விட்டுவிட வேண்டும்.

மேலுறைக்கு மதுரைச் சுங்குடி இருக்கிறது. துணியை நுனி நுனியாகப் பிடித்து நூலால் முடிந்து சாயத்தில் முக்கிய பின் முடிச்சை அவிழ்த்தால் புள்ளி வரும். முடிந்த இடம் கொஞ்சம் சுருங்கி எழும்பி நிற்பதால் புள்ளியை விரலாலும் எண்ணலாம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் துணியை வெறும் அலங்காரமாகப் போர்த்தினால் அது சுற்றுலாப் பண்டமாகிவிடும். முடிந்தவரின் கை, தைத்தவரின் கை, படமெடுத்தவரின் கை மூன்றின் பெயரும் நூலின் முதல் ஏட்டில் ஒரே எழுத்தளவில் வரும்போதுதான் அந்தத் துணிக்கு நியாயம்.

ஆற்றுப் படங்களுக்கு மடிப்பு நூலே பொருந்தும். தஞ்சாவூர்க் கல்வெட்டுக்கு டிரைப் கண்ட நீளம் வைகைக்கும் வேண்டும். ஆற்றில் மண்டிய நீர்ச்செடிகளை அட்கின்ஸின் முறையில் நீலத்தில் பதிக்கலாம். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் போதும். வெயிலுக்கு மதுரையில் பஞ்சமில்லை. அந்த நீலம் காரத்தில் வெளிறும் என்பதால், அமிலத்தைத் தடுக்கச் சுண்ணாம்பு சேர்த்த தாளை மட்டும் அதற்குத் தவிர்க்க வேண்டும்.

நூலகத்தில் ஓர் அலமாரி

இத்தனை உழைப்பில் எத்தனை பிரதி செய்ய முடியும்? இருபது, ஐம்பது. அப்படியானால் இது வசதியுள்ளவர்களின் சேகரிப்புப் பொருளாகிவிடாதா? நியாயமான கேள்வி, கைநூலை நேசிப்பவர்கள் கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 1858ஆம் ஆண்டு மதுரைத் தொகுதிகளின் கதையே எச்சரிக்கை. அரசுக்காகச் செய்யப்பட்ட அவற்றின் பிரதிகள் இன்று லண்டனின் பிரிட்டிஷ் நூலகம் போன்ற தொலைதூரச் சேகரங்களில் இருக்கின்றன. வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் 2014–15இல் டிரைப்பின் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. மதுரைக்காரர் ஒருவர் அந்தப் படங்களை இணையத்தில் பார்க்கலாம். அந்த அளவில், அந்தத் தாளின் தன்மையோடு, தன் ஊரில் தொட்டுப் புரட்ட முடியாது.

ஆகவே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, அந்த நான்கு பாகங்களையும் அசல் அளவில், பருத்தித் தாளில் பதித்து, ஒட்டி, தைத்து, மதுரையில் பொதுமக்கள் கையால் புரட்டும்படி வைக்க வேண்டும். 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கமும் இருக்கும் ஊரில் இதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டாவது, இந்த ஊரில் இனி கையால் செய்யப்படும் ஒவ்வொரு புகைப்பட நூலின் முதல் பிரதியும் அதே அலமாரிக்குப் போக வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல், கைகழுவிவிட்டு யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். பக்க ஓரங்கள் அழுக்காகும், தையல் தளரும், பைண்டர் மறுபடி தைத்துக்கொடுப்பார். தைத்த நூலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம் என்பதே அதன் பெரிய பலம்.

தாள், நூல், துணி, வெயில், தைக்கத் தெரிந்த கை எல்லாம் மதுரையில் இருக்கின்றன. படமெடுப்பவர்கள் மெமரி கார்டோடு பைண்டிங் பட்டறைக்குப் போய் உட்கார வேண்டும். 1858இல் இந்த ஊரை யாரோ ஒருவர் யாருக்காகவோ நூலாக்கினார். இம்முறை அதை இந்த ஊரின் கைகள், இந்த ஊரார் புரட்டுவதற்காகச் செய்யட்டும்.